வேம்பு நிஜமாகவே பார்த்த ஊர்

காசிமேட்டுக் குப்பத்தில் வேம்புவைப்போல உலகம் சுற்றியவன் கிடையாது. அவனைப்போல உலகத்தைப் பார்க்காதவனும் கிடையாது. அது எப்படி இரண்டும் ஒரே ஆளுக்குப் பொருந்தும் என்று கேட்பவர்கள், கப்பலின் அடிவயிற்றில் நின்று பாய்லருக்குக் கரி அள்ளிப் போட்ட எவரையாவது பிடித்து விசாரித்துக்கொள்ளலாம்.

முழுப் பெயர் வேம்புலி. அம்மனுக்கு வேண்டிக்கொண்டு பிறந்த பிள்ளை. அப்பன், பெரியப்பன், மாமன் என்று எல்லாருக்கும் கடல்தான் சோறு போட்டது. வேம்புவுக்கு மட்டும் கட்டுமரத்தில் கால் வைத்த மாத்திரத்தில் குடல் வாய்க்கு வந்துவிடும். மீன்பிடிக்கிற வீட்டுப் பிள்ளைக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் குப்பம் சும்மா விடுமா? பொடிசுகள்கூட அவனைக் கண்டால் வாந்தி எடுப்பதுபோல ஓங்கரித்துக் காட்டிவிட்டு ஓடும்.

அதனால் அவன் கரையிலேயே நின்றுவிட்டான். கரைவலையில் கயிறு இழுக்கிறவன் ஆனான். கயிற்றின் ஒரு முனையைக் கரையில் விட்டுவிட்டுப் படகு வலையோடு கடலுக்குள் போகும். பெரிய வளைவாக வலையை இறக்கிவிட்டு மறு முனையைக் கொண்டுவந்து கரையில் கொடுக்கும். அப்புறம் இரண்டு பக்கமும் வரிசையாக நின்று இழுக்க வேண்டியதுதான். அதில் ஒரு வழக்கம் உண்டு. கயிற்றைத் தாண்டிக்கொண்டு யாரும் போகக்கூடாது. கிட்டே வந்துவிட்டால் கை வைத்தே ஆகவேண்டும். கை வைத்தவன் எவனாக இருந்தாலும் சரி, சுண்டல் விற்கிறவனோ சவரம் பண்ணுகிறவனோ, வலை கரையேறியதும் அவனுக்கு ஒரு பங்கு மீன் உண்டு. கயிறு கிடப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா போகிறவனைப் பெரிய மனுஷன் என்று அந்தக் கரையில் யாரும் சொல்லமாட்டார்கள். கயிறு பிடிப்பதில் வேம்புவை மிஞ்ச ஆளில்லை. மணலில் குதிகாலைப் புதைத்துப் பின்னால் சாய்ந்தான் என்றால் எதிரே கடல்தான் நகர வேண்டும்.

இரண்டாம் உலகச் சண்டை முடிந்த மறு வருஷம் தண்டையார்ப்பேட்டை காஜா மொய்தீன் அவனைக் கப்பலுக்கு அழைத்துப் போனார். சரக்குக் கப்பலில் அவர் சாரங்கு, அதாவது வேலைக்காரர்களுக்கெல்லாம் தலைவர். பெரிய கப்பலில் வேம்புவுக்கு வாந்தி வரவில்லை. குமட்டலுக்கு நேரம் எங்கே இருந்தது? நெருப்பு, கரி, சாம்பல், தூக்கம். மறுபடியும் நெருப்பு. லண்டன் வந்தது, போனது. கல்கத்தா வந்தது, போனது. வேம்புவுக்கு இரண்டும் ஒரே சூடாகத்தான் தெரிந்தன.

ஆனால் ஊர் திரும்பியதும் குப்பமே சூழ்ந்துகொண்டு, "இன்னா வேம்பு, சீமையில இன்னா பாத்தே?" என்று கேட்டால் கரிக்குவியலைப் பார்த்தேன் என்றா சொல்ல முடியும்? அவன் அவிழ்த்துவிட ஆரம்பித்தான். லண்டனில் ராஜா வீட்டுக் குதிரை முரண்டு பிடித்தபோது இவன் போய் அடக்கினான். ஜப்பானில் பயில்வான் ஒருவனை ஒரே பிடியில் சாய்த்தான். ஆப்பிரிக்காவில் சிங்கம் எதிரே வந்தது, இவன் முறைத்த முறைப்பில் வாலைச் சுருட்டிக்கொண்டு காட்டுக்குள் போய்விட்டது. குப்பத்து ஆண்கள் பொய் என்று தெரிந்தே ரசித்தார்கள். பொய் என்று தெரியாமல் கேட்டவள் ஒருத்திதான். அவள் அவன் பெண்டாட்டி குப்பம்மா.

குப்பம்மா வண்ணாரப்பேட்டைத் தெருக்களில் கூடை மீன் விற்கிறவள். பேரத்தில் அவளை ஏய்க்க ஆள் பிறக்கவில்லை. அப்படிப்பட்டவள் புருஷன் சொன்ன சிங்கத்தை மட்டும் அப்படியே நம்பி, தெருத்தெருவாய்ச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். பாசம் கண்ணை மறைத்துவிட்டது, வேறென்ன.

குட்டை உடைத்தவன் ரஹீம். வேம்புவோடு அதே பாய்லரில் கரி அள்ளுகிறவன், உயிர்த் தோழன். ஒருமுறை இரண்டு பேரும் ஒன்றாக ஊர் திரும்பியபோது மீன்குழம்புச் சோற்றுக்கு வீட்டுக்கு வந்தான். குப்பம்மா குழம்பை ஊற்றிக்கொண்டே சிங்கத்தைப் பற்றிக் கேட்டாள்.

"சிங்கமா?" என்றான் ரஹீம், வாயில் சோற்றோடு. "மாமு, அந்த ஊர்ல நீ கரைக்கே எறங்கலியே! சூட்டுக் கொப்புளம் வந்து படுத்துகினு கெடந்தே. நான் இல்ல ஒனிக்குக் கஞ்சி ஊத்தினேன்?"

சொன்ன பிறகுதான் வேம்புவின் முகத்தைப் பார்த்தான். பார்த்துவிட்டு மீன் முள்ளை ரொம்ப அக்கறையாக ஆராய ஆரம்பித்தான்.

குப்பம்மா அன்றைக்குக் கத்தவில்லை, பாத்திரத்தை உருட்டவில்லை. அதுதான் வேம்புவுக்குப் பயமாக இருந்தது. மறுநாள் காலையில் கூடையைக் கழுவிக்கொண்டே சொன்னாள்.

"யோவ், ஒரு வருசம் நீ இங்க இல்ல. சில நாளு ஒன் மூஞ்சியே மறந்துபூடும்போல கீது. அப்பால வந்து நீ சொல்ற கதைதான் அந்த ஒரு வருசத்துக்கு என் பங்கு. அத்த வச்சிகினுதான் நீ மறுபடியும் போனாலும் நான் இருந்துக்குவேன். அதுவும் பொய்யின்னா எனிக்கு இன்னாய்யா மிச்சம்?"

சிங்கத்தை முறைத்தே விரட்டியவன் அவள் எதிரே குந்தினான். "அம்மன் மேல சத்தியம் குப்பு. இந்த வாட்டி ஒரே ஒரு ஊரையாவது மெய்யாலுமே பாத்துட்டு வந்து, பாத்தத மட்டும் சொல்றேன்" என்றான்.

"பாக்கலாம்" என்றாள் குப்பம்மா. அவ்வளவுதான்.

அது ஐம்பத்துமூன்றாம் வருஷம். அந்தப் பயணத்தில் வேம்பு ஒவ்வொரு துறைமுகத்திலும் கரையிறங்கத் துடித்தான். சத்தியம் பண்ணினவனைப் பார்த்துத்தான் விதிக்கும் விளையாட்டு வரும். பினாங்கில் கப்பல் நின்றது தெரிவதற்குள் கிளம்பிவிட்டது. அடுத்த துறைமுகத்தில் காய்ச்சல். அதற்கடுத்ததில் மழை, இருட்டு, பூட்டிய கடைகள். கடைசியாகக் கோதுமை ஏற்ற ஆஸ்திரேலியாவில் ஜீலாங் என்கிற துறைமுகத்துக்குப் போனார்கள். அங்கிருந்து நேரே மதராஸ். இதையும் கோட்டைவிட்டால் குப்பம்மாவின் முன்னால் வெறுங்கையோடுதான் போய் நிற்க வேண்டும்.

நல்லகாலம், அது கிறிஸ்துமஸ் சமயம். அந்த ஊரில் அது கோடைக்காலமும்கூட. துறைமுகத் தொழிலாளர்கள் அத்தனை பேரும் விடுமுறையில் போய்விட்டார்கள். கோதுமை மூட்டையைத் தொட ஆளில்லாமல் கப்பல் கட்டிப்போட்ட மாடுபோல நின்றது. அப்போது ஒரு பாதிரியார் கப்பலுக்கு வந்தார். வீட்டை விட்டு வந்த மாலுமிகளுக்காகக் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் பஸ் ஏற்பாடு செய்திருக்கிறாராம். கடலோரமாகவே போகிற ரோட்டில் வெகுதூரம் போய்விட்டுப் பொழுது சாயத் திரும்பலாமாம். செலவில்லை, சாப்பாடும் உண்டு. இந்தக் கப்பலுக்கு ஒரே ஓர் இடம்.

வேம்பு கரிக்கையோடு ஓடிப்போய் சாரங்கின் முன்னால் நின்றான்.

"பாய், அந்த எடத்த எனிக்குக் குடுங்க."

காஜா மொய்தீன் அவனை ஏற இறங்கப் பார்த்தார். கப்பல் நின்றாலும் ஒரு பாய்லராவது எரிந்துகொண்டே இருக்க வேண்டும், அன்றைக்கு அது வேம்புவின் முறை.

"நீ ஊர் மேயப் போயிட்டா நெருப்ப யாருடா பாப்பாங்கோ? ஒன் மாமியாரா?"

"நான் பாக்கறேன் பாய்" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. ரஹீம். "என் வாயாலதான் இவன் வூட்ல பேஜாரு. அவன் போட்டும். ரெண்டு ஆள் வேலையும் நான் செய்றேன்."

சாரங்கு மோவாயைச் சொறிந்தார். பிறகு, "போ. ஆனா கரையில ஏதாச்சும் வம்பு பண்ணேன்னு பொகாரு வந்துது, அடுத்த கப்பல் ஒனிக்கு இல்ல" என்றார். வேம்பு அவர் காலைத் தொடப் போனான். அவர், "கரிய ஒட்டாத, போடா" என்று விலகிக்கொண்டார்.

மறுநாள் காலையில் வேம்பு தன்னுடைய ஒரே கோட்டை மாட்டிக்கொண்டு பஸ்ஸில் ஏறினான். பல கப்பல்களின் ஆட்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள், ஒரு இடம் பாக்கியில்லை. பாதிரியாரின் தமக்கை டாரதி மேம் வைக்கோல் தொப்பியோடு முன்னால் நின்று எல்லாருக்கும் ரொட்டி கொடுத்தாள். வெளுத்த தலை, ஓயாத பேச்சு. மீன்காரிக்கு வேண்டிய குரல் என்று வேம்பு நினைத்துக்கொண்டான்.

பஸ் கிளம்பியதும்தான் அவனுக்கு அந்தக் கேள்வி வந்தது. பார்க்க வேண்டும் என்று வந்தாயிற்று, எப்படிப் பார்ப்பது? பார்த்துப் பழக்கமே இல்லையே! இத்தனை வருஷம் இல்லாததைச் சொல்லியே காலம் தள்ளியவனுக்கு இருப்பதை எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. கடைசியில் ஒரு வழி தோன்றியது. குப்பம்மா பக்கத்தில் இருந்தால் என்னென்ன கேட்பாள் என்று யோசித்தான். கடல் எந்தப் பக்கம்? இடது பக்கம். வலது பக்கம்? மலை. ரோடு? மலையின் இடுப்பைச் சுரண்டிப் போட்ட மாதிரி வளைந்து வளைந்து போகிறது. யார் போட்டது? அவன் டாரதி மேமிடம் கேட்டான். முதல் உலகச் சண்டைக்குப் போய் உயிரோடு திரும்பிய சிப்பாய்கள், திரும்பாதவர்களின் ஞாபகமாக வெட்டிய ரோடு என்று அவள் சொன்னாள். வேம்பு அதை மனசுக்குள் இரண்டுதரம் சொல்லிப் பத்திரப்படுத்திக்கொண்டான்.

ரோட்டில் கூட்டமென்றால் அப்படி ஒரு கூட்டம். திருவொற்றியூர் மாசித் திருவிழாவுக்கு வருகிற ஜனத்தையெல்லாம் காருக்குள் அடைத்து வரிசையாக விட்டதுபோல இருந்தது. கார் கூரைமேல் கட்டில், கூடாரம், குழந்தைத் தொட்டில். சிலர் சக்கரம் வைத்த ஒரு வீட்டையே காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு போனார்கள். ஜன்னலுக்குத் திரைச்சீலைகூட இருந்தது. 'இத்த சொன்னா குப்பு நம்பமாட்டாளே' என்று வேம்பு கவலைப்பட்டான். நம்பாவிட்டாலும் நிஜம் நிஜம்தானே?

ஓர் ஏற்றத்தில் வண்டிகள் அசையாமல் நின்றன. வெயில் கொளுத்தியது. பஸ்ஸின் மூக்கிலிருந்து புஸ்ஸென்று ஆவி கிளம்பியது. டிரைவர் இறங்கி மூடியைத் திறந்து திண்டாடினார். ஆவியைப் பற்றி அந்தப் பஸ்ஸில் வேம்புவுக்குத் தெரிந்த அளவு யாருக்கும் தெரியாதுதான். ஆனால் அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு கடலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். அன்றைக்கு ஒருநாள் எந்தக் கொதிக்கிற பாத்திரத்தின் பக்கமும் போவதில்லை என்று வைராக்கியம்.

மதியத்துக்கு ஒரு கடற்கரை ஊரில் நிறுத்தினார்கள். அந்த ஊரின் பெயர் கடைசிவரை வேம்புவின் வாயில் நுழையவில்லை. மணல் தெரியாத அளவுக்கு ஜனம். கூடாரம் கூடாரமாகக் குடும்பங்கள் சமைத்தன, துணி காயப்போட்டன, குழந்தையை அடித்தன. பெண்கள் குளிக்கிற உடுப்போடு பட்டப்பகலில் ஆண்கள் நடுவே நடந்தார்கள். இதைச் சொல்வதா வேண்டாமா என்று வேம்பு கொஞ்சநேரம் தவித்தான். பாத்தத மட்டும் சொல்றேன் என்றுதான் சத்தியம் பண்ணினான், பாத்த எல்லாத்தையும் சொல்றேன் என்று பண்ணவில்லை. மனசு ஒருவழியாகச் சமாதானம் ஆனது.

ஒரு தொப்பிக்காரன் மட்டும் இவனை எல்லாம் யார் உள்ளே விட்டது என்பதுபோலப் பார்த்துவிட்டுப் பாயைத் தள்ளிப் போட்டுக்கொண்டான். அதுவும் அந்த ஊரில் இருந்ததுதான். வேம்பு அதையும் சேர்த்தே மனசில் முடிந்துகொண்டான்.

ரொட்டியைத் தின்றுகொண்டே தண்ணீர் ஓரமாக நடந்தவன் சட்டென்று நின்றான்.

மணலில் கயிறு கிடந்தது.

கிடந்தது மட்டுமா, கடலுக்குள் போய்க்கொண்டிருந்தது. மரச் சட்டத்தில் பொருத்திய பெரிய உருளையிலிருந்து கயிறு சரசரவென்று ஓட, கட்டுமஸ்தான பையன்கள் சிலர் வரிசையாக நின்று அதைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்திருந்தார்கள். எல்லார் தலையிலும் தாடையில் முடிச்சுப்போட்ட சிவப்புக் குல்லாய். தூரத்தில் அலைகளுக்கு அப்பால் என்னவோ ஒன்று மிதந்தது. பக்கத்தில் இன்னொரு கயிறு, இன்னொரு கூட்டம், அவர்களுக்கு மஞ்சள் குல்லாய்.

வேம்புவுக்கு உடம்பு சிலிர்த்துப்போயிற்று. கரைவலை! இத்தனை ஆயிரம் மைல் தாண்டி வந்தாலும் கடல் கடல்தான், மீன்பிடிக்கிறவன் மீன்பிடிக்கிறவன்தான். ஆனால் இது என்ன அநியாயம்? இவ்வளவு பெரிய கடலுக்கு இந்தக் கொஞ்சப் பேர்தானா? சுற்றி ஆயிரம் பேர் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறார்கள், ஒருத்தனாவது எழுந்து வந்து ஒரு கை கொடுக்கிறானா? கயிறு பாட்டுக்குக் கடலுக்குள் ஓடுகிறது, இந்தப் பிள்ளைகள் இழுக்கத் தெரியாமல் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார்கள்!

ரொட்டி கீழே விழுந்தது. வேம்பு ஓடினான். வரிசையின் கடைசியில் போய் நின்று கயிற்றை இரண்டு கையாலும் பற்றி, குதிகாலை மணலில் புதைத்து, பின்னால் சாய்ந்தான்.

"ஏலேலோ... ஐலசா!"

அந்த மணலில் அந்தப் பாட்டு அதற்குமுன் கேட்டிருக்காது. கயிறு நின்றது. பிறகு திரும்பி வர ஆரம்பித்தது. முன்னால் நின்ற பையன்கள் வெலவெலத்துப்போய் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். 'பாவம், பலமில்லாத பசங்க' என்று வேம்பு இன்னும் வேகமாக இழுத்தான். சுற்றிலும் கூட்டம் கூச்சல் போட்டது. உற்சாகப்படுத்துகிறார்கள் என்று நினைத்துக் குரலை உயர்த்தினான்.

"தூக்கி வலி... ஐலசா! வலையப் பாத்து... ஐலசா!"

கடைசியில் கயிற்றின் முனை கரைக்கு வந்தது. முனையில் வலை இல்லை, மீன் இல்லை. இடுப்பில் பட்டை கட்டிய ஒரு மனுஷன் இருந்தான். முதுகுப்பக்கமாக அலையோடு உருண்டு வந்து, வாயிலிருந்த உப்புத்தண்ணீரைத் துப்பிவிட்டு எழுந்து உட்கார்ந்தான். செம்பட்டைத் தலை, அதைவிடச் சிவந்த முகம்.

வேம்புவின் கை தானாகக் கயிற்றை விட்டது.

டாரதி மேம் தொப்பியைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தாள். மூச்சிரைக்க விளக்கினாள். அது மீன்பிடிப்பு இல்லையாம். கடலில் முழுகுகிறவர்களைக் காப்பாற்றுகிற சங்கத்தாரின் பந்தயமாம். செம்பட்டைத் தலையன் கயிற்றைக் கட்டிக்கொண்டு நீந்திப் போய், தூரத்தில் முழுகுவதுபோல மிதக்கிறவனைப் பிடிக்க வேண்டும், பிறகுதான் கரையிலிருப்பவர்கள் இழுக்க வேண்டும். இவன் முதல் ஆளாகப் போய்க்கொண்டிருந்தானாம். கையெட்டுகிற தூரத்தில் இருந்தபோதுதான் பின்னோக்கிக் கிளம்பினானாம். மஞ்சள் குல்லாய்க்காரர்கள் ஜெயித்து, அவர்களுடைய ஆள் கரைக்கும் வந்தாயிற்று. முழுகுவதுபோல நடித்த சிவப்புக் குல்லாய்க்காரன் மட்டும் தன்னை ஏன் யாரும் காப்பாற்றவில்லை என்று புரியாமல் இன்னும் அங்கேயே மிதந்துகொண்டிருந்தான்.

வேம்புவுக்கு உலகம் இருட்டியது. சாரங்கு சொன்ன புகார் இதுதான். இனிக் கப்பல் இல்லை, வேலை இல்லை. ஒரு ஊரைப் பார்த்த லட்சணம் இப்படியா முடிய வேண்டும்?

செம்பட்டைத் தலையன் எழுந்து அவனை நோக்கி வந்தான். வேம்பு இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு தனக்குத் தெரிந்த கப்பல் இங்கிலீஷை எல்லாம் கொட்டினான்.

"சாப், மை ஊர், ரோப் கம், ஆல் மேன் புல். நோ புல், பேட் மேன். ஐ புல். சாரி சாப்!"

கயிறு வந்தால் எல்லாரும் இழுக்க வேண்டும், இழுக்காதவன் கெட்டவன், அதனால் இழுத்தேன் என்று அதற்கு அர்த்தம். செம்பட்டைத் தலையனுக்கு அது எப்படியோ புரிந்துவிட்டது. ஆனாலும் இடுப்பில் கைவைத்துக்கொண்டு, இழுத்தால் உங்கள் ஊரில் என்ன கொடுப்பார்கள் என்று கேட்டான்.

"பிஷ், சாப். ஒன் ஹேண்ட், ஒன் ஷேர்."

அவன் தன் ஆட்களைப் பார்த்தான். ஆட்கள் அவனைப் பார்த்தார்கள். முதலில் ஒருத்தன் சிரித்தான். பிறகு மணலில் விழுந்து புரண்டு எல்லாரும் சிரித்தார்கள். மீன் இல்லையப்பா, எங்களிடம் இருப்பது தோல்விதான், அதில் வேண்டுமானால் ஒரு பங்கு தருகிறோம் என்றான் செம்பட்டைத் தலையன். தோற்ற கூட்டம், ஜெயித்தவர்களின் உருளையைத் தோளில் சுமந்து ரோடுவரை கொண்டுபோய் வைக்க வேண்டும் என்பது அவர்களுக்குள் ஏற்பாடாம். அதன்மேல் ஜெயித்தவன் ஒருத்தன் மகாராஜாபோல உட்கார்ந்து வருவானாம்.

வேம்பு கோட்டைக் கழற்றி டாரதி மேம் கையில் கொடுத்துவிட்டுத் தோளைக் கொடுத்தான். பளு சாமானியப்பட்டதில்லை. ஆனால் அவன் மனசு பஞ்சாகப் பறந்தது. அவன் ஏலேலோ என்க, சிவப்புக் குல்லாய்க்காரர்கள் ஐலசா என்றார்கள். வேடிக்கை பார்த்த கூட்டமும் சேர்ந்துகொண்டது. மேலே உட்கார்ந்திருந்த மஞ்சள் குல்லாய் மகாராஜாவும் சேர்ந்துகொண்டான். ரோட்டில் ஊர்ந்துபோன கார்கள் ஹாரன் அடித்தன. பிறகு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தார்கள். வேம்பு அதை நின்ற இடத்திலேயே தின்று தீர்த்தான், ஊருக்கு எடுத்துப்போகிற பண்டமா அது!

புகார் எதுவும் வரவில்லை. டாரதி மேம் கப்பல்வரை வந்து, உங்கள் ஆள் தங்கமான ஆள் என்று சாரங்கிடம் சொல்லிவிட்டுப் போனாள். காஜா மொய்தீனுக்கு அதுதான் சந்தேகமாக இருந்தது.

கப்பல் மதராஸ் வந்து சேர்ந்தபோது ரஹீம் இறங்கிய கையோடு புழலில் இருக்கிற அக்கா வீட்டுக் கல்யாணத்துக்குப் போய்விட்டான். வேம்பு தனியாகத்தான் குப்பத்துக்கு வந்தான். சாயங்காலம் வழக்கம்போல ஆண்கள் எல்லாம் மணலில் கவிழ்த்துப்போட்ட படகின் பக்கத்தில் கூடிவிட்டார்கள். குப்பம்மா கொஞ்சம் தள்ளி, முதுகைக் காட்டிக்கொண்டு கருவாட்டுக்கு மீன் கீறிக்கொண்டிருந்தாள்.

வேம்பு சொன்னான். ஒன்றைக் கூட்டவில்லை, ஒன்றைக் குறைக்கவில்லை. குளிக்கிற உடுப்பை மட்டும் விட்டுவிட்டான். வீட்டை இழுத்துக்கொண்டு போகிற காரைச் சொன்னான். செத்த சிப்பாய்களின் ரோட்டைச் சொன்னான். தொப்பிக்காரனைச் சொன்னான். கயிற்றை இழுத்து, முனையில் ஆள் வந்ததைச் சொல்லும்போது சிரிப்பு தாங்காமல் படகைத் தட்டினார்கள்.

"அடாடா, இந்த வாட்டி சரக்கு ஜோரா கீது மச்சான்!" என்றான் ஒருத்தன்.

"கயித்துல ஆளாம், காருக்குப் பின்னால வூடாம்! சிங்கமே தேவல" என்றான் இன்னொருத்தன்.

"ஏய், மெய்யாலுமேடா!" என்றான் வேம்பு. அவர்கள் இன்னும் சிரித்தார்கள். சொல்லச் சொல்ல அவன் குரல் உடைந்தது. வாழ்க்கையில் ஒரே ஒருதரம் நிஜத்தைக் கொண்டுவந்தான், அது விலைபோகவில்லை. அவன் யாரையும் பார்க்கவில்லை. மீன் கீறுகிற முதுகைத்தான் பார்த்தான். அது அசையவில்லை.

பிறகு குப்பம்மா திரும்பாமலே கேட்டாள்.

"கயித்துல கை வச்சியே, பங்கு குடுத்தாங்களா?"

"குடுத்தாங்க குப்பு. மீன் இல்ல. தோத்தவங்க ஜெயிச்சவன சொமக்கணும். என்னயும் சேத்துகினாங்க. ரோடு வரிக்கும் சொமந்தேன்."

கத்தி நின்றது. அவள் தோள் குலுங்குவதைப் பார்த்து வேம்பு பயந்துபோனான். திரும்பியபோது பார்த்தால் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் வேறு.

"போங்கய்யா வேலயப் பாத்துகினு. இது நடந்த கத" என்றாள் ஆண்களைப் பார்த்து. "பொய்யா இருந்தா இந்தாளு ஜெயிச்சிருப்பான்."

அவன் தோற்ற கதை எதையும் அதுவரை அவர்கள் கேட்டதே கிடையாது. ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். குப்பம்மா மீன் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்து, "இப்ப மொதல்லருந்து சொல்லு. கடலு எந்தப் பக்கம்?" என்றாள்.

மறுநாள் வேம்பு அவளோடு வண்ணாரப்பேட்டைக்குக் கூடை தூக்கிக்கொண்டு போனான். வாடிக்கைக்காரி பதுருன்னிசா வீட்டு வாசலில் கூடை இறங்கியது. மீனுக்கு விலை சொல்வதற்கு முன்னால் குப்பம்மா கதையை ஆரம்பித்துவிட்டாள். கடல் இடது பக்கம் என்றாள், மலை வலது பக்கம் என்றாள். கை நீட்டி வளைவுகளைக் காட்டினாள். பஸ் ஆவி விட்டதைத் தானே பார்த்ததுபோல முகத்தைச் சுளித்தாள். டாரதி மேம் எப்படிக் கத்துவாள் என்று கத்தியே காட்டினாள். தெருவில் போனவர்கள் நின்று கேட்டார்கள். வேம்பு பக்கத்தில் நின்று வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தான். எல்லாம் அவன் சொன்னதுதான், சொல்லுக்குச் சொல் நிஜம்தான்.

"இன்னொண்ணு சொல்ல மறந்துட்டேன் பாரு" என்றாள் குப்பம்மா. "அந்த மேம் பஸ்ஸுல எனிக்குன்னு ஒரு எடம் போட்டு வச்சிருந்துதாம். வேம்பு பொண்டாட்டி வந்தா குந்தட்டும்னு, கடசி வரிக்கும் யாரையும் குந்த வுடலியாம்."

வேம்பு திடுக்கிட்டுத் திரும்பினான். அப்படி ஒன்று அவன் சொல்லவே இல்லை. குப்பம்மா அவனைப் பார்க்காமல் கூடைக்குள் மீனைப் புரட்டிக்கொண்டிருந்தாள். காது மட்டும் சிவந்திருந்தது.

பதுருன்னிசா அவனைப் பார்த்தாள். "நெசமாவா அண்ணே?"

"ஆமாம்மா" என்றான் வேம்பு. "ஜன்னலோரம்."